மூன்று முறை உள்ளே போய் வருதல்

ஒரகடம் கூட்டுரோட்டில் நான் இருபத்திரண்டு வருடம் மோட்டார் சைக்கிள் விற்ற ஷோரூமில் இப்போது பேரம் கிடையாது. வாசலிலேயே ஒரு பெரிய திரை வைத்திருக்கிறார்கள். வண்டியின் படத்தைத் தொட்டால் விலை வரும். அதன் கீழே ‘இதுவே இறுதி விலை’ என்ற வரி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். போன மாதம் அங்கே விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண் எனக்குப் போன் செய்தார்.

“சார், ஜனங்க அந்தத் திரையைப் பாத்துட்டு, திரும்பி என்னைப் பாத்து, ‘அது சரி, நீங்க எவ்ளோக்குக் குடுப்பீங்க’ன்னு கேக்கறாங்க. நீங்கல்லாம் அப்போ இன்னா சொல்வீங்க?”

போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கேட்டது ஒரு வரிப் பதில். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு வந்துவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் மண்ணூர். இந்த வேலைக்கு முன்னால் வாலாஜாபாத்தில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தாறாவது வயதில் இந்த ஷோரூமில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் கோதண்டராமன் என்னை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காமல் பார்த்தார்.

“உங்க மூஞ்சில ஒண்ணும் தெரியல,” என்றார்.

குறை சொல்கிறார் என்று நினைத்து எழுந்தேன். “நாளைக்கே வந்துடுங்க,” என்றார்.

சென்னையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மற்றொருவர், கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்க்க வேண்டும், கை சட்டைப்பையை நோக்கிப் போகும்போது பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்றார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. மற்றதை எல்லாம் நான் கோதண்டராமனிடம்தான் கற்றேன்.

முதலில் விலைத்தாள். அதில் ஒன்பது வரிகள் உண்டு. முதல் வரி ஷோரூம் விலை. அதைக் கம்பெனி வைக்கிறது. இரண்டாவது வரி சாலை வரியும் பதிவுக் கட்டணமும்; அது அரசாங்கத்துக்குப் போகிறது. இந்த இரண்டிலும் எங்களால் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் குறைக்கச் சொல்வார்கள். நாங்களும் முடியவே முடியாது என்று மனசாட்சிப்படி சொல்வோம்.

எங்கள் பிழைப்பு மற்ற ஏழு வரிகளில் இருந்தது. மூன்றாவது இன்சூரன்ஸ். வெளியில் எடுத்தால் குறையும், எங்களிடம் எடுத்தால் எங்களுக்குக் கமிஷன் வரும். நான்காவது ஹேண்ட்லிங் சார்ஜ். வண்டியை லாரியிலிருந்து இறக்கி, துடைத்து, நிறுத்திவைக்கும் செலவு. அந்தத் தொகைக்கு வண்டியைத் தோளில் தூக்கிப் போய் வீட்டிலேயே இறக்கிவைத்துவிட்டு வரலாம். ஐந்தாவது, வண்டி விழுந்தால் அடிபடாமல் காக்க முன்னால் மாட்டும் இரும்பு கார்டு. ஆறாவது சீட் கவர் முதலானவை. ஏழாவது, பெயிண்டுக்கு மேல் அடிக்கும் பாலிஷ். எட்டாவது கூடுதல் வாரண்டி. ஒன்பதாவது ‘இதர’. இதர என்றால் என்ன என்று இருபத்திரண்டு வருடத்தில் நான்கு பேர்தான் கேட்டார்கள். நான்கு பேருக்கும் அதை அடித்துவிட்டோம்.

அடுத்தது, உள்ளே போய் வருவது. ஷோரூமின் பின்பக்கம் கண்ணாடி அறையில் மேனேஜர் இருப்பார். கண்ணாடிக்கு உள்பக்கம் திரை இழுத்துவிட்டிருக்கும். வாடிக்கையாளர் குறைக்கச் சொன்னால் நான் முகத்தைச் சற்றுத் தொங்கப்போட்டு, “நம்ம கைல இல்லீங்க, மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்,” என்று எழுந்து உள்ளே போக வேண்டும். மூன்று முறை போகலாம். முதல் முறை இரண்டு நிமிடம். திரும்பி வந்து சீட் கவர் இலவசம் என்பேன். இரண்டாவது முறை ஐந்து நிமிடம். வந்து கார்டும் இலவசம் என்பேன். மூன்றாவது முறை போனால், வாடிக்கையாளருக்கு வாங்கிக் கொடுத்த டீயின் மேல் ஆடை படியும்வரை வெளியே வரக் கூடாது. வந்து, ஹேண்ட்லிங் சார்ஜில் பாதி குறைத்திருக்கிறார், வெளியில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்பேன்.

உள்ளே என்ன பேசினோம் என்று கேட்கலாம். கோதண்டராமன் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருப்பார். டீ கொண்டுவருகிறவரைக்கூட நீங்க என்றுதான் கூப்பிடுவார். பேப்பரில் வரும் எண் கட்டத்தை நிரப்பிக்கொண்டே, “சாப்டீங்களா?” என்பார். ஆச்சு சார் என்பேன். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “இன்னும் ஒரு நிமிஷம் நில்லுங்க,” என்பார். எந்த வண்டிக்கு எவ்வளவு குறைக்கலாம் என்பது காலை ஒன்பதரைக்கே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் பையில் இருக்கும்.

அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ‘சரி’யும் வராது. எதைக் கேட்டாலும் “பாக்கலாமே” என்பார். என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று ஒரு மாதக் கடைசியில் லீவு கேட்டபோதும் அதையேதான் சொன்னார். மறுநாள் காலை ஐந்தரைக்குத் தன் காரை எடுத்துக்கொண்டு மண்ணூருக்கு வந்து, எங்கள் இருவரையும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஒன்பதரைக்கு ஷோரூமைத் திறந்தார். அதைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

இந்த முறையில் நான் ஒரே ஒருமுறைதான் சொதப்பினேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஒரகடத்தில் ரூம் எடுத்து வேலை பார்ப்பவன், வண்டி பார்க்க வந்தான். விலைத்தாளைக் கொடுத்ததும் ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜைமேல் எனக்கு முன்னால் வைத்துவிட்டான்.

“ஷோரூம் தம்பியா? சாப்பிட்டாச்சா?” என்று குரல் வந்தது. அந்த மனிதர் விலையைப் பற்றியே பேசவில்லை. அங்கே மழை உண்டா, தண்ணீர் எப்படி, எனக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவள் என்ன படிக்கிறாள் என்று நாற்பது நிமிடம் கேட்டார். நானும் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “சரி தம்பி, ஒரு நாலாயிரம் குறைச்சுப் போட்டுருங்க. பய ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதான்,” என்றார். “சரிங்கண்ணே,” என்று சொல்லிவிட்டேன்.

கோதண்டராமன் என்னை உள்ளே கூப்பிட்டார். “உள்ள வராமலே குடுத்துட்டீங்களே,” என்றார். அவ்வளவுதான். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

இனி முத்துச்செல்வி விஷயம்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் மதியம் லாரியில் லோடு வந்தது. லாரி டிரைவர் அடுத்து வாலாஜாபாத் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். எல்லா வண்டிகளும் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன என்ற தாளில் கோதண்டராமன் இறக்குவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. அன்று செய்தார். எங்கள் மெக்கானிக் கன்னியப்பன் கடைசி வண்டியைச் சாய்வுப் பலகையில் இறக்கும்போது பலகை நழுவி, வண்டி பக்கவாட்டில் தரையில் விழுந்தது. நீல வண்டி. ஹேண்டில் வளைந்தது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கோணியது, பெட்ரோல் டேங்கில் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கல்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதால் நஷ்டம் எங்களுடையது. தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்தால் மேனேஜர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். கன்னியப்பன் ஹேண்டிலை மாற்றி, ஃபோர்க்கை நிமிர்த்தினார். டேங்கை மட்டும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் நசுங்கலை எடுத்து, பெயிண்ட் அடித்து வாங்கிவந்தோம். ஷோரூமில் மொத்தம் பதினெட்டு டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

“இன்னாண்ணே, இத்த விக்கப் போறாரா?” என்று கன்னியப்பன் என்னிடம் கேட்டார்.

“அவர் ஒண்ணும் சொல்லலப்பா,” என்றேன். அவர் சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாள் காலை அந்த வண்டி துடைத்து முன்வரிசையில் நின்றது. நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு முத்துச்செல்வி வந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். சங்கரன்கோவில் பக்கம். வல்லக்கோட்டை ரோட்டில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். பழக்கத்தில் நான் ஸ்கூட்டர் பக்கம் கையைக் காட்டினேன்.

“ஸ்கூட்டர் வேண்டாம் அண்ணாச்சி. பைக்குதான். அந்த நீலம்.”

“யார் ஓட்டப் போறாங்க மேடம்?”

“நான்தான்.” கேட்பதற்கு முன்பே லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். “ஆறு வருசமா கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கேன். ஷிஃப்டுக்கு முன்ன ஒரு மணி நேரம், முடிஞ்ச பொறவு ஒரு மணி நேரம். எத்தன மணி நேரம் ரோட்டுல நின்னுருக்கேன்னு ஒருநாள் கூட்டிப் பாத்தேன். பாதியில நிறுத்திட்டேன். அழுகை வந்துட்டு.”

“கறுப்புல எடுங்களேன் மேடம். விக்கும்போது நல்ல வெல போவும்,” என்றேன். அந்த நீல வண்டியிலிருந்து அவரைத் திருப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

“விக்கதுக்கா வாங்குதேன்?” என்றார்.

விலைத்தாளைக் கொடுத்தேன். அவர் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வாலாஜாபாத், காஞ்சிபுரம், பூந்தமல்லி என்று மூன்று ஊர் ஷோரூம்களின் விலைகளை வரிவரியாக எழுதி வைத்திருந்தார். எங்கள் தாளை நான்காவது பத்தியாக எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயிற்சியில் இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

“இன்சூரன்ஸ் நான் வெளிய பாத்துட்டேன். இத அடிச்சிருங்க. பாலிஷ் வேண்டாம். கூடுதல் வாரண்டியும் வேண்டாம். இந்த இதரன்னா என்னது?”

அந்த நான்கு பேரில் இவர் மூன்றாவது ஆள். இதரவை அடித்தேன்.

“ஹேண்ட்லிங் சார்ஜு என்னத்துக்கு?”

“லாரிலேருந்து எறக்கறது, தொடைக்கறது…”

“கீழ போடாம எறக்குததுக்கா?” என்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் முகத்திலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். இரண்டு நிமிடம். வந்து சீட் கவர் என்றேன். வேண்டாம், பணத்தில் குறையுங்கள் என்றார். மறுபடி உள்ளே போனேன். ஐந்து நிமிடம். வந்து கார்டு என்றேன். கார்டு அவருக்கு வேண்டியிருந்தது. நோட்டில் குறித்துக்கொண்டு, ஹேண்ட்லிங் சார்ஜ் முழுவதும் போக வேண்டும் என்றார். மூன்றாவது முறை எழுந்தேன். அவரும் எழுந்தார்.

“நானும் வாரேன்.”

“இல்ல மேடம், நீங்க ஒக்காருங்க. டீ ஆறுது.”

“ஆறட்டும். நீங்க எனக்காவ எத்தன தரம் நடப்பிய? நானே பேசிட்டா உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.”

அந்தப் பத்தடி தூரத்தில் அவரை நிறுத்துவதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. கதவைத் திறந்தேன். கோதண்டராமன் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாப்பழத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எண் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கொய்யாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“சார், அண்ணாச்சி ரெண்டு தரம் வந்து எனக்காவக் கேட்டாவ. நீங்க என்ன சொன்னியன்னு தெரிஞ்சா நான் மேல பேசலாம்,” என்றார் முத்துச்செல்வி.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கொய்யாவைப் பார்த்தேன்.

“உக்காருங்க மேடம். எந்த வண்டி?”

“முன்னால நிக்கிற நீலம்.”

அவர் கொய்யாவைப் பேப்பர்மேல் வைத்தார். பிறகு முத்துச்செல்வியின் நோட்டை வாங்கி, அவர் கடைசியாக எழுதியிருந்த தொகையைப் படித்தார். ஹேண்ட்லிங் சார்ஜ் போய், கார்டு சேர்ந்து, அதற்கு மேலும் இரண்டாயிரம் குறைத்து எழுதியிருந்தார். அந்த இரண்டாயிரம் பேசிப் பேசி விட்டுக்கொடுப்பதற்காக வைத்தது. எனக்கே தெரிந்தது.

“சரி,” என்றார் கோதண்டராமன்.

அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். முத்துச்செல்விக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. முகத்தில் தெரிந்தது. உடனே சந்தோஷம் வந்து அதை மூடிவிட்டது. முன்பணம் கட்டிவிட்டு, வெளியே வந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். “உள்ள வராம இருந்தா இது கெடச்சிருக்காதுல்லா அண்ணாச்சி?” என்றார். இல்லை என்றேன். அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு டெலிவரி. ஹாஸ்டலிலிருந்து இரண்டு தோழிகள் வந்திருந்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாவி கொடுப்பது போல் போட்டோ எடுத்தோம். போட்டோவில் நானும் இருக்கிறேன். அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வெயில் என்றேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர் மறுபடி வந்தார். வண்டியை உள்ளே கொண்டுவராமல் வெளியே திறந்தவெளியில் நிறுத்திவிட்டு என்னை வரச் சொன்னார். சத்தம் போடவில்லை.

“நான் என்ன வேல பாக்கேன்னு உங்ககிட்ட சொல்லல அண்ணாச்சி. பெயிண்ட் அடிச்சு வர்ற பீஸ நின்னு பாக்குததுதான் என் வேல. ஒரு நாளைக்கு ஐநூறு பீஸ். வாங்குத சந்தோசத்துல என் வண்டிய நான் பாக்கல.” டேங்கின் மேல் விரலை வைத்தார். “வெயில்ல பாருங்க. டேங்கு ஒரு நீலம், சைடு பேனல் ஒரு நீலம். இங்க குனிஞ்சு பாருங்க, ஆரஞ்சுப் பழத் தோலு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. இது மெசின் அடிச்ச பெயிண்டு இல்ல. எங்க லைன்ல வந்தா செவப்பு ஸ்டிக்கர்தான். டேங்கு போல்டுல ஸ்பேனர் பட்ட தடம் இருக்கு. ஓட்டுனா எடப்பக்கம் இழுக்கு.”

குனிந்து பார்த்தேன். அவர் சொன்ன எல்லாம் அங்கே இருந்தன.

கோதண்டராமன் வெளியே வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “பாக்கலாமே. நாளைக்குச் சாயங்காலம் கம்பெனி என்ஜினியர் வர்றார் மேடம். அவர் பார்த்து ஒரு ரிப்போர்ட் குடுக்கட்டும். அதுவரைக்கும் நீங்க ஓட்டிட்டிருங்க,” என்றார். என்ஜினியர் வருவது உண்மை. முத்துச்செல்வியும் தலையாட்டினார்.

நாளை மாலை என்பதன் பொருள் எனக்குத் தெரியும். அவருடைய பதிவு ஃபைல், வண்டியில் பொறித்த சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளோடு, என் மேஜை டிராயரில் இருந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும். நம்பர் விழுந்துவிட்டால் அது அவர் பெயரில் பதிவான வண்டி. அதற்குப் பிறகு எந்த என்ஜினியர் என்ன சொன்னாலும் அதை வாங்கிக்கொண்டு புது வண்டி தரமாட்டார்கள். டேங்கை மாற்றித் தருகிறோம் என்பதோடு முடிந்துவிடும்.

மேனேஜர் உள்ளே திரும்பினார். முத்துச்செல்வி ஹெல்மெட்டை எடுத்தவர், போடாமல் என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தியளா?”

ஐந்தடி தூரத்தில் கோதண்டராமனின் முதுகு இருந்தது. அது நின்றது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி இறங்குவதற்காக அவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அது ஞாபகம் வராமல் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“தெரியும்மா,” என்றேன். “லாரிலேருந்து எறக்கும்போது வுழுந்துச்சு. உன் ஃபைலு இன்னும் ஆர்.டி.ஓ.வுக்குப் போவல. காலைல போவும். அதுக்குள்ள வேற வண்டி வேணும்னு எழுதிக் குடுத்துடு.”

மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் உன், குடுத்துடு என்று பேசியிருக்கிறேன். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முத்துச்செல்வி ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். அதே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வண்டி சீட்டின்மேல் வைத்து எழுதினார். எழுதியதை எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வாங்கிக்கொண்டதற்கு சீல் வைத்துத் தரவேண்டும் என்றார். கோதண்டராமன் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“‘பெயிண்ட்’ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு,” என்றார். பேனாவை எடுத்துத் தானே திருத்தினார். பிறகு சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதினார். “தணிகாசலம், ஃபைலை எடுத்துட்டு வாங்க,” என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, லோடு இறக்குவதற்கு முன் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று எங்கள் இருவருக்கும் முன்னாலேயே சொன்னார்.

பதினோராம் நாள் புது லோடில் அவருக்கு மாற்றாக ஒரு நீல வண்டி வந்தது. அன்று இன்னொரு பேரம் நடந்தது.

“மேடம், அன்னைக்குப் பேசின விலை அந்த வண்டிக்குப் பேசினது,” என்றார் கோதண்டராமன்.

“அந்த வண்டிக்குன்னு நீங்க சொல்லலய சார். சொல்லியிருந்தா இன்னும் குறைச்சுல்லா கேட்டிருப்பேன்.”

கோதண்டராமன் பழைய விலைத்தாளையே எடுத்து வைத்தார். விலை அப்படியே நின்றது.

இந்த முறை முத்துச்செல்வி காலை பதினோரு மணிக்கு டெலிவரி கேட்டார். பூமாலை வேண்டாம், போட்டோ வேண்டாம் என்றார். வண்டியை வெயிலில் நிறுத்தி, ஒரு சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பார்த்தார். கன்னியப்பன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சங்கிலி உறையில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. கன்னியப்பன் அதை முடுக்கினார். பிறகுதான் முத்துச்செல்வி கையெழுத்துப் போட்டார்.

சாவியைக் கொடுக்கும்போது கேட்டார்: “அண்ணாச்சி, நான் அன்னைக்குக் கேக்காம இருந்திருந்தா, நீங்களா சொல்லியிருப்பியளா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்லம்மா,” என்றேன்.

அளவு பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொள்வதைப் போல அவர் தலையசைத்தார். “சர்வீஸுக்கு நான் இங்க வரமாட்டேன். கோவம்லாம் இல்ல,” என்று சொல்லிவிட்டு வல்லக்கோட்டை ரோட்டில் போனார்.

விழுந்த வண்டியை, விழுந்தது என்று சொல்லி, பெரிய தள்ளுபடியில் விற்றோம். வாலாஜாபாத் பால்காரர் ஒருவர் வாங்கினார். நான் டேங்க், ஃபோர்க் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். இரண்டு பக்கமும் பால் கேன் கட்ட முடியுமா என்பது ஒன்றைத்தான் அவர் கேட்டார். பெயிண்ட் சரியில்லை என்று அவர் ஒருநாளும் வரவில்லை.

நஷ்டத்தைக் கோதண்டராமன் சம்பளத்தில் பிடித்தார்கள். நாற்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. வாடிக்கையாளர்கள் வந்தார்கள், நான் வழக்கம்போல உள்ளே போனேன். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், டீ ஆறும் வரை. அவர் எண் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நேரம் முடிந்ததும் வெளியே வந்து கார்டு இலவசம் என்பேன்.

ஒருநாள் மூன்றாவது தடவை உள்ளே நிற்கும்போது அவராகவே பேசினார்.

“நீங்க அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி தனியா இங்க வந்து நின்னீங்க. அப்போ எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ‘சார், இது வேணாம்’னு.”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா சார்?”

அவர் எண் கட்டத்தில் ஓர் எண்ணை எழுதி, அதை அடித்தார். “தெரியல. நீங்க சொல்லலையே,” என்றார்.

அவர் சொன்னது சரி. முதல் தடவை இரண்டு நிமிடமும், அடுத்த தடவை ஐந்து நிமிடமும் நான் அந்த அறையில் நின்றிருந்தேன். சாப்பிட்டாயிற்று என்று மட்டும் சொன்னேன். அதைத்தான் என் வேலையில் நான் செய்த தப்பு என்று இன்றுவரை நினைக்கிறேன். வெயிலில் நின்று சொன்னதை அப்படி நினைப்பதில்லை. மூன்று வருடம் கழித்துக் கோதண்டராமன் ஓய்வு பெற்றார். அதுவரை என்னை வேலையில் வைத்திருந்தார். லோடு வந்தால் கடைசி வண்டி தரையில் நிற்கும்வரை பேனாவின் மூடியைத் திறக்கமாட்டார்.

முத்துச்செல்வி சொன்னபடி ஒருமுறைகூட எங்களிடம் சர்வீஸுக்கு வரவில்லை. வண்டி நம்பரைப் போட்டால் எந்த ஊர் டீலரிடம் சர்வீஸ் செய்திருந்தாலும் எங்கள் கம்ப்யூட்டரில் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை யாரும் இல்லாத நேரத்தில் அந்த நம்பரைப் போட்டுப் பார்ப்பேன். நான் ஓய்வு பெற்ற நாளிலும், பிரியாணிப் பொட்டலம் வருவதற்கு முன் போட்டுப் பார்த்தேன். எல்லா சர்வீஸும் வாலாஜாபாத்தில். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியாகப் பதிந்திருந்தது எண்பத்தோராயிரம் கிலோமீட்டர். ‘வாடிக்கையாளர் கூறிய குறை’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.